கீழே இருந்த நகர்வு

மார்ச் 3

அக்கா,

போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் நான் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உட்கார்ந்து யோசிப்பேன். மெயிலும் வேண்டாம். பத்து நிமிடத்தில் பதில் போட்டுவிடுவாய். தபாலில் எழுது. எனக்கு மூச்சுவிட நேரம் வேண்டும்.

செஸ் ஆட்டத்தை நேரலையில் பார்த்திருப்பாய். மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று போட்டிகளில் நார்ம் என்ற தகுதி எடுக்க வேண்டும். இரண்டை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. மூன்றாவதற்குக் கடைசிச் சுற்றில் டிரா போதும், அதுவும் எனக்கு வெள்ளைக் காய், அதுவும் நாம் இரண்டு பேரும் கரைத்துக் குடித்த ஓப்பனிங், தொடக்க நகர்வு வரிசை. பதினான்காவது நகர்வில், நீ அடுக்கி அனுப்பும் ஃபைலில் இருந்தபடி யானையை நடுவுக்குக் கொண்டுவந்தேன். எதிரே ஆடிய பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குதிரையை என் ராஜா பக்கம் இறக்கிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இருபத்தாறாவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன்.

அறைக்கு வந்து கணினியில் செஸ் இன்ஜினைப் போட்டால், அந்தக் குதிரை வந்த பிறகு எனக்கு ஒன்றுமே இல்லை என்று அரை நிமிடத்தில் சொல்கிறது. அரை நிமிடம், அக்கா.

நான் சொல்லிக்கொடுக்கும் கிளப்பின் செயலாளர் கூப்பிட்டுப் பேசினார். மனுஷர் நல்லவர், அதனால் சுற்றி வளைத்தார். "பட்டம் இல்லாத கோச்சுன்னா பெத்தவங்க சேர்க்க யோசிக்கிறாங்கம்மா. ஜூன் வரைக்கும் பார்ப்போம்" என்றார். மே மாதம் ஒரு போட்டி இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வேறு வாய்ப்பு இல்லை.

அதனால் உன்னிடம் இருக்கும் பெரிய ஃபைலை அப்படியே அனுப்பு. இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை

மார்ச் 9

வாண்டுக்கு,

பெரிய ஃபைல் வேண்டுமாம். பாகப்பிரிவினையா? வெள்ளைக் காய் உனக்கு, கறுப்புக் காய் எனக்கு, நடுவில் வேலி போட்டுக்கொள்ளலாமா? உன் மாமாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "கையில பிடிக்க முடியாத ஒரு சாமானுக்கு அக்கா தங்கச்சி அடிச்சிக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

நாற்பத்தோராயிரம் ஆட்ட நிலைகள் இருக்கின்றன அதில். எட்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. உன்னிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் துணி அலமாரி மாதிரி ஆக்கிவிடுவாய். நீ ஆடு, நான் அடுக்குகிறேன். அப்படித்தானே ஒத்துக்கொண்டோம்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தக் குதிரையை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதானே கோபப்படுகிறாய்? பார்த்தேன். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு, கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று அறிவித்ததும், கடையிலிருந்து வந்த கையோடு அந்தப் பெண்ணின் ஆட்டங்களை டேட்டாபேஸில் எடுத்தேன். போன மாதம் ஒரு சின்னப் போட்டியில் அதே குதிரையை யாரோ ஒருத்தர் மேல் இறக்கியிருக்கிறாள். மருந்தும் கண்டுபிடித்தேன். பதினான்காவது நகர்வில் யானையைத் தொடாமல், ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும், குதிரைக்கு இடமே கிடையாது. அதை ஃபைலில் சேர்த்து, ஏழரைக்குள் உனக்கு அனுப்பியும் விட்டேன். யானை நகர்வுக்கு நேர் கீழே இருக்கிறது. திறந்து பார்.

இன்றைக்குக் கடையில் ஒருவர் வந்து ஒரே சண்டை. கண்ணாடி போட்டு ஒரு வாரமாகிறது, எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்றார். வாங்கிப் பார்த்தால் லென்ஸ் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எடுக்காமலே போட்டிருக்கிறார். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

மே போட்டிக்கு நான் யோசித்து வைத்திருக்கிறேன். போனை எடு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

முப்பத்தொரு வயதில் என்னை வாண்டு என்று எழுதாதே. தபால்காரர் பார்க்கிறார்.

கீழே இருந்தது. உண்மைதான். யானை நகர்வுக்கு நேர் கீழே, குறி இல்லை, குறிப்பு இல்லை, தனியாக இருந்தது.

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு புது நகர்வைச் சேர்த்தால் இந்த மென்பொருள் அதைக் கிளையாகக் கீழேதான் போடும். அதன் மேல் வைத்து, மெனுவைத் திறந்து, முதல் இடத்துக்கு ஏற்ற வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீ. "மேல இருக்கறதை ஆடு. கீழ இருக்கறது சும்மா தெரிஞ்சுக்க" என்று முதல் நாள் நீ போட்ட சட்டம். கீழே நீ என்னென்ன வைப்பாய் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஆடித் தோற்றது, ஆசையாக இருக்கிறதே என்று நான் கேட்டு நீ வேண்டாம் என்றது, பாதி பார்த்து விட்டது. பயிற்சிக்கு உட்கார்ந்தால் மென்பொருள் மேலே இருப்பதை மட்டும்தான் என்னிடம் கேட்கும். எட்டு வருடமாகக் கீழே இருந்த எதையும் நான் ஆடியது இல்லை.

அதனால் ஸ்டிக்கர் கதை எல்லாம் எனக்கு வேண்டாம். ஒரே கேள்விதான். ஏன் அதை மேலே ஏற்றவில்லை?

அதற்கு மட்டும் பதில் எழுது. மாமாவை இதில் இழுக்காதே.

தங்கை

ஏப்ரல் 2

வாண்டுக்கு,

பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, அடிக்க மனம் வரவில்லை.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் புது மெஷின் வந்திருக்கிறது, லென்ஸ் வெட்டுவதைவிட அதற்குப் பணிவிடை செய்வதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

நீ கேட்டபடி பெரிய ஃபைலை இத்துடன் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். இனி உன் இஷ்டம். சில விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள். பச்சை அம்பு என்றால் யோசிக்காமல் ஆடலாம், மஞ்சள் என்றால் நேரம் இருந்தால் யோசி, சிவப்பு என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே. ஒரு கிளையை அழித்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் சேர்ந்து போகும், கேட்காமல் அழிக்காதே. வேறு வரிசையில் ஆடி அதே நிலைக்கு வரும் இடங்களில் எல்லாம் "பார்க்க" என்று எழுதி அத்தியாய எண் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் மாற்றக் குறிப்பு இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எதை மாற்றினேன் என்று எட்டு வருடமும் விடாமல் எழுதியது. ஏதாவது குழப்பம் வந்தால் அதைப் பார்.

உன் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அந்த நகர்வைச் சேர்த்த கையோடு கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன். மேலே ஏற்ற மறந்துவிட்டேன். நானும் மனுஷிதானே. காலையிலிருந்து நின்றபடி வேலை, கண் எல்லாம் எரிச்சல். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். இத்தோடு விடு.

மே போட்டிக்கு அந்த ஓப்பனிங்கையே வை. அதை விட்டால் உனக்கு ஒதுங்க வேறு நிழல் இல்லை.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

பென் டிரைவ் வந்தது. நீ சொன்னது சரிதான். மூன்றாவது நாளே ஒரு கிளையை அழித்து, அதன் பின்னால் இருந்த நானூறு நிலைகளைக் காணாமல் போக்கி, திரும்பப் பென் டிரைவிலிருந்தே எடுத்துப் போட்டேன். என்னால் இதை அடுக்க முடியாது. எங்கே திறந்தாலும் நீதான் உட்கார்ந்திருக்கிறாய். "இங்கே அவசரப்படாதே", "இந்த இடத்தில் நீ எப்போதும் குதிரையைத் தப்பாக வைப்பாய்", "பசித்தால் முதலில் சாப்பிடு, பிறகு பார்". இப்படி எத்தனை எழுதியிருக்கிறாய் என்று எண்ணப் பார்த்தேன். இருநூறுக்கு மேல் விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி மாற்றக் குறிப்பையும் பார்த்தேன். அந்த மாலைக்கு நீயே எழுதியதை அப்படியே தருகிறேன்.

"6.52. பதினான்காவது நகர்வு, ஓரச் சிப்பாய் சேர்த்தேன். 6.58. கறுப்புக் காய் மூன்றாம் அத்தியாயம், இரண்டு நகர்வுகளை முதல் இடத்துக்கு ஏற்றினேன். 7.10. அதற்கு அம்பு, நிறம். 7.20. அனுப்பினேன்."

கரண்ட் எங்கே போனது, அக்கா?

மறுநாள் எனக்கு வெள்ளைக் காய். கறுப்பு மூன்றாம் அத்தியாயத்துக்கு அன்றைக்கு என்ன அவசரம்? ஆறு நிமிடம் கழித்து இரண்டு நகர்வுகளை மேலே ஏற்றியிருக்கிறாய். ஏற்றத் தெரிந்திருக்கிறது. ஞாபகமும் இருந்திருக்கிறது. எனக்கு வேண்டியதை மட்டும் கீழேயே விட்டிருக்கிறாய்.

பயமாக இருக்கிறது, அக்கா. மறந்துவிட்டேன் என்று இன்னொரு முறை எழுது. இந்த முறை நான் நம்பும்படி எழுது. உண்மையாகச் சொல்கிறேன், நம்பத்தான் ஆசைப்படுகிறேன்.

தங்கை

ஏப்ரல் 30

வாண்டுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நான்கிலும் மறந்துவிட்டேன் என்றுதான் எழுதியிருந்தேன். நான்காவது நன்றாகவே வந்திருந்தது. நீ நம்பியிருப்பாய்.

கரண்ட் போகவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். நகர்வைச் சேர்த்தேன். சுட்டியை அதன் மேல் வைத்தேன், மெனுவும் திறந்தது. முதல் இடத்துக்கு ஏற்று என்ற வரி நீல நிறத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இரண்டு நார்ம் இருந்தது உனக்குத் தெரியும். மூன்றாவதற்குக் கடைசிச் சுற்றில் டிரா போதும், எனக்கும். அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளின் சட்டைப் பட்டன் ஒன்று வேறு நிறம். அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு முதல் நாள் மாலை யாரும் எதுவும் அனுப்பவில்லை. கூடவும் யாரும் வரவில்லை. தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நீ கதவைத் திறந்து, "ஜெயிச்சியாக்கா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நான் போட்டிக்குப் போகவில்லை.

அதெல்லாம் அந்த மெனு திறந்திருந்த நேரத்தில் வந்தது. நாளைக்கு இவள் ஜெயித்துவிடுவாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு மெனுவை மூடினேன். "பார்த்தால் கண்டுபிடிப்பாள், சின்னப் பிள்ளையா" என்று தோன்றியது. கறுப்பு அத்தியாயத்தைத் திறந்து, யாருக்கும் தேவைப்படாத இரண்டு நகர்வுகளை ஏற்றி, நிறம் பூசிக்கொண்டிருந்தேன். கை எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது. ஏழு இருபதுக்கு அனுப்பினேன்.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வாய் வருகிறது. எழுதக் கை வரவில்லை. பொறாமை என்றால் பொறாமை. இந்த வார்த்தையை உன்மேல் வைத்து நான் யோசித்ததே இல்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் வேறு எந்த வார்த்தையும் அந்த ஆறு நிமிடத்துக்குப் பொருந்தவில்லை.

மறுநாள் நேரலையில் நீ யானையை எடுத்தபோது கடையில் என் கையிலிருந்த லென்ஸ் உடைந்தது. அது பாவனை இல்லை. அதையும் நம்பு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மே போட்டிக்காக மொத்த ஃபைலையும் திரும்ப ஒரு முறை பார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. மேலே இருப்பதெல்லாம் சரி, நம்பி ஆடலாம். அந்தப் பதினான்காவது நகர்வை மட்டும் என்னால் தொட முடியவில்லை. அந்த இடம் வந்தால் நீயே சிப்பாயைத் தள்ளிக்கொள். புது பென் டிரைவ் வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுது. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

மே 28

அக்காவுக்கு,

திட்டி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

போட்டி முடிந்தது. ஒன்பது சுற்றில் மூன்று புள்ளி. இன்ஜின் வைத்துப் பார்த்தேன், நீ மேலே வைத்திருந்த எதிலும் தப்பு இல்லை. என்னால்தான் ஆட முடியவில்லை. ஆறாவது நகர்வு, ஏழாவது நகர்வு, பத்து வயதில் படித்தது, அதைக்கூட ஆடப் போகும்போது, இது சரி என்று மேலே இருக்கிறதா, இல்லை அக்கா மனது வைத்து மேலே வைத்ததா என்று ஒரு யோசனை. யோசித்துக்கொண்டே இருப்பேன், கடிகாரம் ஓடும். மூன்று ஆட்டம் நேரம் தீர்ந்தே தோற்றேன். நடுவர் வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் இருந்தேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கடைசிச் சுற்றுக்கு முன்னால் நான் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஓரச் சிப்பாய் கீழே இருந்ததைப் பார்த்தேன். மறுநாள் பலகையில் அந்த நிலை வந்தபோது இருபத்திரண்டு நிமிடம் யோசித்தேன். நேரலையில் நீயும் அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் பார்த்திருப்பாய், என்னவென்று நினைத்தாயோ. எனக்கு எல்லாம் தெரிந்தது. குதிரை வரப் போவது தெரிந்தது. சிப்பாயைத் தள்ளினால் வராது என்று தெரிந்தது. சிப்பாய் மேல் கை வைக்கக்கூடப் போனேன். அப்புறம் நினைத்தேன், இது சரியாக இருந்தால் அக்கா மேலே ஏற்றியிருப்பாளே. கீழே விட்டிருக்கிறாள் என்றால் எனக்குத் தெரியாத ஏதோ ஓட்டையை அவள் பார்த்திருக்கிறாள். என் கணக்கில்தான் தப்பு. இப்படி நினைத்து யானையை எடுத்தேன்.

எனக்குத் தெரிந்ததை ஆடியிருந்தால் இன்றைக்குப் பட்டம் இருக்கும். உன்னை நம்பி ஆடினேன். இத்தனை நாள் உன்மேல் கத்தியது எல்லாம், என் புத்தியை நம்பாமல் போனேனே என்ற ஆத்திரத்தில்தான். நீ மறந்துவிட்டாய் என்றால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த நான்காவது கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்பியிருக்கலாம் நீ.

கிளப்பில் நேற்றோடு முடிந்தது. செயலாளர் எழுந்து நின்று வழியனுப்பினார். பார்சல் அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பெட்டிகளில் ஊர் வாரியாக ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஒட்டியதை இரண்டாவது தடவை பார்க்காமல் அடுத்த பெட்டிக்குப் போக என்னால் முடியவில்லை. மேற்பார்வையாளர் சிரிக்கிறார்.

ஃபைலை என் மடிக்கணினியிலிருந்து அழித்துவிட்டேன். இரண்டு பென் டிரைவும் இத்துடன் வருகின்றன. இனி நான் ஆடப் போவதில்லை. வீட்டுக்கும் இப்போதைக்கு வர மாட்டேன். மாமா போன் பண்ண வேண்டாம்.

ஒன்றே ஒன்று செய். அந்த ஓரச் சிப்பாயை மேலே ஏற்றிவிடு. எனக்காக இல்லை. தப்பான நகர்வு முதல் இடத்தில் இருக்கக் கூடாது.

தங்கை

ஜூன் 6

தங்கைக்கு,

பென் டிரைவ் இரண்டும் வந்து சேர்ந்தன.

அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடையில் ஆள் நின்றிருந்தார், போய்விட்டுப் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்துவிடுவாள், கண்டுபிடித்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ கண்டுபிடித்திருக்கிறாய். மனதுக்குள் என்னைக் கேட்டிருக்கிறாய். நான் கீழே வைத்ததுதான் உனக்குக் கிடைத்த பதில்.

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை.

நீ சொன்னபடி இன்று காலை கடைக்குப் போகும் முன் ஃபைலைத் திறந்து அதை ஏற்றிவிட்டேன். சிப்பாய் மேலே, யானை கீழே. மாற்றக் குறிப்பில் தேதியும் நேரமும் எழுதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

அக்கா